யாமினி வந்து நின்ற ஜன்னல்

பிள்ளை இறந்துபோய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்த பிறகும், தயாளன் எடுத்த போட்டோவில் அவன் மனைவி சுகந்தி பிள்ளைத்தாச்சியாகவே இருந்தாள்.

காசிமேட்டுக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் ஹவுசிங் போர்டு வீடுகளில், கடைசி பிளாக்கின் மூன்றாவது மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். வீடு என்றால் ஒரு சமையல்கட்டு, ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு பெரிய ஜன்னல், அவ்வளவுதான். ஆனால் ஜன்னலுக்கு எதிரே மூடிக்கிடந்த உப்புக் கிடங்கின் காலிமனையும் அதற்கப்பால் கடலும் தவிர வேறெதுவும் இல்லாததால், காலையில் கடலிலிருந்து ஏறிவரும் சூரியன் யாரிடமும் வழி கேட்காமல் நேராக அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தனியாக ஸ்டுடியோ வைக்க முடியாத தயாளன் அந்த ஜன்னலையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டான். ஜன்னல் முழுக்க வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைப் பரப்பி, கட்டிலையும் பீரோவையும் ஓரமாக ஒதுக்கி, வளைகாப்பு முடிந்த பெண்களை வேட்டிக்கு முன்னால் பக்கவாட்டில் நிற்கவைப்பான். கேமரா வாங்கும் வெளிச்சத்தை முகத்துக்குக் கணக்கு வைக்காமல் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கணக்கு வைப்பான். அப்படி வைத்தால் ஆள் முழுக்கக் கறுத்துப்போய், நெற்றியும் மூக்கும் உதடும் வயிறும் ஒரே கோடாக, மையில் வரைந்த மாதிரி விழும்.

"கைய கொஞ்சம் தள்ளி வைம்மா. கைக்கும் இடுப்புக்கும் நடுவுல ஒரு சந்து வெளிச்சம் வரணும், இல்லன்னா மூட்ட மாதிரி தெரியும்" என்பான். பெண்கள் சிரிப்பார்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையமும், மசக்கையில் வாடிய கன்னமும், வீட்டில் நடந்த சண்டையும் தெரியாத அந்தப் படங்களை அவர்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

சுகந்தியையும் அவன் அப்படி எடுத்தான். அவள் வயிற்றில் கைவைத்துக் குனிந்து பார்க்கிற மாதிரி ஒரே ஒரு படம். அதற்குப் பிறகு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, உள்ளேயே பிள்ளையின் நாடி நின்றுபோயிருந்தது. மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். பெண்பிள்ளை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது தயாளன் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்று பார்த்தான், பிறகு துணியை மூடி எடுத்துக்கொண்டு போய் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சுகந்தி கண் விழித்தபோது பக்கத்தில் தொட்டில் காலியாக இருந்தது.

"மூஞ்சி யார் மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் தன்னைவிட்டுப் போய்விடும் என்று பயந்தானா, அவளுக்குள் போய் அவளை என்னவாவது செய்துவிடும் என்று பயந்தானா, அவனுக்கே தெரியவில்லை. "ஊர்ல இருக்கறவ எல்லாரையும் எடுக்கற, உம் பொண்ண ஒரு போட்டோ எடுக்கல பாத்தியா" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான்.

மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு காலையில், அவளாகவே வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டினாள். "என்னை ஒண்ணு எடு" என்றாள். எடுத்தான். வயிறு ஒட்டி, நைட்டி தொளதொளவென்று தொங்க நின்றவள், கேமராவின் திரையில் முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, குடம்போல வயிறு முன்தள்ள நின்றுகொண்டிருந்தாள். பழைய படமோ என்று பார்த்தான். பழைய படத்தில் பின்னல் தொங்கியது, இதில் கொண்டை. கேமராவை அவளிடம் நீட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் வைத்த எண்ணெய் காய்கிற வாசம் வந்ததால் சமையல்கட்டுப் பக்கம் நடந்துகொண்டே, "தல இன்னும் இறங்கல. நாள் இருக்குது" என்றாள்.

நாள் இருக்கத்தான் செய்தது. வெயில் நன்றாக அடிக்கிற காலையிலெல்லாம் அவன் எடுத்தான், வயிறு பெருத்துக்கொண்டே வந்தது, பங்குனியில் ஒருநாள் படத்தில் வயிறு வற்றி, அவள் சும்மா மடித்து வைத்திருந்த கைகளுக்குள் ஒரு பொட்டலம் இருந்தது, பொட்டலத்தின் மேல்முனையில் உருண்டையாய் ஒரு தலை இருந்தது.

பிளாக்கில் அந்தச் செய்தி தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்திருந்த வரிசையில் தொடங்கி, லாரி வருவதற்குள் எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. கீழே இட்லிக் கடை போட்டிருந்த அஞ்சலை கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் படி ஏறி வந்து படத்தைப் பார்த்தாள். எப்படி, ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த பிளாக்கில் யாருமே கேட்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாததும், திரும்பாதவர்கள் பேரில் ரேஷன் அரிசி வந்துகொண்டிருப்பதும் பழகிப்போன இடம் அது. அஞ்சலை சுகந்தியின் தட்டைத்தான் பார்த்தாள். "பெத்தவ இந்த மாதிரி வெறும் மோர் ஊத்தி துன்னா புள்ளக்கி சளி புடிக்காதா" என்று திட்டிவிட்டுப் போய், பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டில் துணி தைக்கும் நூர்ஜஹான் அக்கா, பழைய நூல் புடவையைக் கிழித்து ஏணை கட்டக் கொடுத்தாள். பேர் வைக்க எல்லாரும் கூடியபோது ஆளுக்கொரு பேர் சொல்லிச் சண்டை வந்து, கடைசியில் சுகந்தி, "யாமினி" என்று மெதுவாகச் சொன்னதும் எல்லாரும் அடங்கிப்போனார்கள். தயாளன்தான் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும் என்றார்கள். காது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மனைவியின் மடித்த கைகளுக்கு மேலே குனிந்து மூன்று தரம் சொன்னான்.

யாமினி வளர்ந்தாள். இடுப்பில் உட்கார்ந்தாள், பிறகு இறங்கி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் கம்பிகள்தான் அவளுக்கு அளவுகோல். "ரெண்டாவது கம்பிய தொட்டுட்டா" என்று நூர்ஜஹான் அக்கா அந்த அளவுக்குப் பாவாடை தைத்து, அதை சுகந்தியின் கையில் தொங்கவிட்டால், அன்றைய படத்தில் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே குடைபோல விரிந்திருக்கும். காலையில் சுகந்தி சீப்பை எடுத்து வெறும் காற்றை வகிடெடுத்து வாருவாள், படத்தில் இரண்டு குட்டிப் பின்னல் தெரியும். அங்கன்வாடி வேதவல்லி டீச்சர், "ரெஜிஸ்டர்ல ஏத்த முடியாதும்மா, மேல கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டு, ஆனால் அவித்த முட்டை ஒன்றைத் தினமும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். சுகந்தி அதை உரித்து ஜன்னலில் வைப்பாள். காக்கை கொத்திக்கொண்டு போகும். மறுநாளும் வைப்பாள்.

வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், தம்பியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவரும், இன்னும் பேர் சொல்லாத பலரும் வந்து வேட்டிக்கு முன்னால் பக்கத்தில் இடம் விட்டு நின்றார்கள். தயாளன் எல்லாரையும் எடுத்தான். யாருக்கும் யாரும் வரவில்லை, அவரவர் உருவம் மட்டும் ஒற்றையாய் விழுந்தது. தம்பியைக் கொடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, உங்க புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். இன்னொரு பெண் படியில் இறங்கும்போது, "அவளுக்கு மட்டும் இன்னா ஒசத்தி" என்று சொன்னது மேலே வரை கேட்டது. சுகந்தி கதவை மூடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

தயாளனுக்கு ஒன்றுதான் நாளுக்கு நாள் உறுத்தியது. யாமினியுடைய முகம் தெரிவதேயில்லை. எத்தனை படம் எடுத்தாலும் கறுப்பு, உருண்டைக் கன்னத்தின் ஓரம், குட்டி மூக்கின் நுனி, அவ்வளவுதான். கறுப்பைக் கம்ப்யூட்டரில் வைத்து வெளுக்கப் பார்த்தான், மணல் மணலாய்ப் பொரிந்ததே தவிர உள்ளே ஒன்றும் இல்லை. அறைக்குள் பக்கத்திலிருந்து லைட் போட்டு எடுத்துப் பார்த்தான், சுகந்தி தனியாக நின்றாள். கல்யாண வீட்டு ஃபோகஸ் லைட்டை வேட்டிக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தான், அதற்கும் யாமினி வரவில்லை. மற்றவர்களின் போனிலும் வரவில்லை. கடலிலிருந்து வரும் வெயிலுக்கும் அந்த ஒரு கேமராவுக்கும் மட்டுமே அவள் வந்தாள்.

சுகந்தி வேறு எங்கும் போவதை விட்டுவிட்டாள். தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "காலைல அவ வந்து பாத்துட்டு நான் இல்லன்னா தேடுவா" என்றாள். மேகம் மூடிய நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். ஒருமுறை தயாளன் தயங்கித் தயங்கி, "இன்னொண்ணு பெத்துக்கலாமா சுகந்தி" என்று கேட்டபோது, "அவளுக்கு இன்னும் பால் மறக்கல" என்றாள், அவ்வளவு சாதாரணமாக, பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிற மாதிரி. அவன் கேமராவை எடுத்துத் துடைத்து வைத்தான். அந்தக் கேமரா இல்லாவிட்டால் இவளுக்குப் பிள்ளை இல்லை, அந்தக் கேமரா இருக்கிறவரை இவள் தனக்கு இல்லை என்று அவனுக்குத் தோன்றியது, தோன்றியதற்காக வெட்கப்பட்டான்.

ஒருநாள் நூர்ஜஹான் அக்கா, "எப்ப பாத்தாலும் பொட்டிக்குப் பின்னாடியே நிக்கற, அந்தப் புள்ள அப்பன பாக்க வேணாமா? எல்லாத்தையும் சரி பண்ணி வை, நான் அமுக்கறேன்" என்றாள். அவன் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, வெளிச்சத்துக்குக் கணக்கு வைத்து, போய் வேட்டிக்கு முன்னால் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டு நின்றான். அக்கா அமுக்கினாள். படத்தில் யாமினி அவன் தோளில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு காலையும் அவன் மார்பில் தொங்கவிட்டு, தலைமயிரைப் பிடித்துக்கொண்டு.

தோளில் ஒரு தூசியளவு கனம்கூட அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கு வெகுநேரம் அவன் நேராகவே நடந்தான். இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, இல்லாத இரண்டு கணுக்காலைப் பிடித்தபடி படியிறங்கினான். எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். முதல் மாடித் திருப்பத்தில் பீம் தாழ்வாக இருக்கும் இடத்தில், கீழே மாவுச் சட்டியோடு நின்ற அஞ்சலை, "குனிஞ்சு வாப்பா, புள்ளக்கி தல இடிக்கும்" என்றாள். அவன் முட்டியை மடித்துக் குனிந்து வந்தான். தெருவில் இறங்கிக் கடல்வரைக்கும் போய், அவளுக்குக் கடலைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

யாமினி மூன்றாவது கம்பியைத் தொட்ட வருஷம், உப்புக் கிடங்கு மனையில் கட்டடம் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. பேச்சுக்குப் பின்னால் தகரவேலி வந்தது, தகரவேலிக்குப் பின்னால் ஜேசிபி வந்தது. ஒன்பது மாடி என்றார்கள். பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் திரண்டு போனார்கள். வேதவல்லி டீச்சர்தான் பேசினாள், "ஒரு புள்ள இருக்குது சார், அதுக்கு வெயில் வேணும்" என்றாள். வெள்ளைத் தொப்பி போட்ட என்ஜினீயர் நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார், பர்மிஷன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே அம்மா என்றார். கட்டட மேஸ்திரி மட்டும் சாயங்காலமாக மூன்று மாடி ஏறி வந்து, செருப்பை வெளியே விட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து போகும்போது, "இந்தப் பக்கத்துத் தூண கடைசியா எழுப்பறேன், அதுக்கு மேல என் கையில இல்ல தாயி" என்று சுகந்தியிடம் சொன்னார். சொன்ன மாதிரியே செய்தார்.

ஆனாலும் தூண் எழும்பியது. வெயில் ஜன்னலுக்கு வருவது தாமதமாகிக்கொண்டே போனது. முதலில் யாமினியின் கால் படத்தில் தெரியாமல் போனது, பிறகு பாவாடை. சுகந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏறி நில்லு கண்ணு" என்றாள். அன்றைக்கு முழு உருவமும் விழுந்தது. அடுத்த தளம் ஏறியதும் ஸ்டூலும் போதவில்லை. பிளாக்கின் பெண்கள் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் வெயிலைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சுவரில் வெளிச்சம் திட்டுத் திட்டாய் ஆடியது, பிள்ளை வரவில்லை. மொட்டைமாடியில் வேட்டி கட்டியும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே சுகந்தியின் உருவம் காற்றில் முந்தானை பறக்க ஒற்றையாய் நின்றது. அந்த அறைதான் யாமினியின் வீடு, அந்த அறைக்குத்தான் வருவாள் என்று அஞ்சலை சொல்ல, எல்லாரும் கண்ணாடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

எதிரே கடைசிச் சந்தும் மூடப்போகிறது என்று மேஸ்திரி சொல்லியனுப்பிய காலையில், பிளாக் முழுக்கப் படியில் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் உள்ளே வரவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே, பலகை அடித்த இடத்துக்கு மேலே, ஒரு கை அகலத்துக்கு வானம் மிச்சமிருந்தது. அந்த இடைவெளிக்குச் சூரியன் வந்ததும் ஜன்னல் பற்றிக்கொண்ட மாதிரி வெளுத்தது. தயாளன் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். சுகந்தி ஜன்னலுக்குப் போகவில்லை. அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இப்பவாவது சொல்லு. மூஞ்சி யார் மாதிரி இருந்துச்சு?"

"போய் நில்லு சுகந்தி. வெயில் போயிடும்."

"போனா போவட்டும். நீ சொல்லு."

அவன் ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சொன்னான். "என்னை மாதிரியேதான் இருந்தா. அப்படியே. நெத்தி, மூக்கு, இந்த மோவாய்ல இருக்கற குழி எல்லாம். கண்ண மூடிக்கினு, எதுக்கோ கோச்சுக்கின மாதிரி. நான் துணிய விலக்கறப்போ, என்னையே நான் சின்னதா பாக்கற மாதிரி இருந்துச்சு. அத எப்படிடீ உங்கிட்ட சொல்லுவேன். தினம் எம் மூஞ்சிய நீ பாக்கணுமே."

சுகந்தி அவன் கழுத்திலிருந்து கேமராவின் வாரைக் கழற்றிக்கொண்டாள். "நீ போய் நில்லு. இன்னிக்கி உங்கிட்ட வரட்டும்" என்றாள்.

அவள் ஒருநாளும் கேமராவில் படம் எடுத்தவளில்லை. அன்றைக்கு வெயில் ஏறி இறங்கி மாறிக்கொண்டிருந்ததால் கணக்கை அதுவே பார்த்துக்கொள்கிற மாதிரி தயாளன் விட்டு வைத்திருந்தான். திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்த இடத்துக்கு வெளிச்சத்தைச் சரி செய்துகொண்டு அதுவே படம் எடுத்துவிடும். ஜன்னலைத் தொட வேண்டும், அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வேட்டிக்கு முன்னால் போய்த் திரும்பி, வெயில் முதுகில் படர, சொல்ல வாயைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் வராதது, மயானத்தில் வராதது, அத்தனை வருஷமும் வராதது, அந்த அழுகைதான் சொல்லுக்குப் பதிலாக அப்போது வந்தது. தோள் குலுங்க, வாயைப் பொத்தாமல், முகத்தை மறைக்காமல், மனைவியைப் பார்த்தபடியே நின்று அழுதான். கை மட்டும் தானாக ஒரு சின்னத் தலையின் உயரத்துக்கு இறங்கி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டது.

சுகந்தி திரையில் அவனைப் பார்த்தாள். கறுப்பாய் நின்றான். அவனுடைய முகத்தை விரலால் தொட்டாள்.

கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. எதிர்க் கட்டடத்தில் யாரோ பலகையைத் தூக்கி நிறுத்தினார்கள். அறைக்குள் வெயில் ஒருமுறை சுருங்கி, போய்விட்டது.

படத்தில் தயாளனின் முகம் இருந்தது. நெற்றிச் சுருக்கமும், நனைந்த கன்னமும், மூக்கும், மோவாய்க் குழியும், ஒன்றுவிடாமல் தெளிவாய் இருந்தன. அவனைச் சுற்றி ஜன்னலும் கம்பியும் வேட்டியும் ஒரே வெள்ளையாய் எரிந்துபோயிருந்தன. அவன் விரித்து வைத்த கைக்குக் கீழே அந்த வெள்ளைதான் இருந்தது, அதில் யாரும் இல்லை.

அவன் வந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். பார்த்த உடனே என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சுகந்தி அவன் கையைத் தேடவில்லை, பிள்ளையைத் தேடவில்லை. முகத்தைப் பெரிதாக்கினாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்து மூக்கு வழியாக மோவாய் வரைக்கும், தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் தடவுகிற மாதிரி, ஒற்றை விரலால் தடவினாள்.

"இப்படியா இருந்தா?"

"இப்படித்தான்."

"அழகா இருந்திருக்கா" என்றாள்.

படியில் உட்கார்ந்திருந்தவர்களில் நூர்ஜஹான் அக்கா எழுந்து வந்து வாசலில் நின்று, "வந்தாளா?" என்று கேட்டாள். "வந்தா அக்கா" என்றாள் சுகந்தி, கேமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. அக்கா அதைப் பார்க்கக் கேட்கவில்லை. திரும்பிப் போய் மற்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வீடுகளுக்கு நடந்தார்கள்.

திரையில் ஜன்னலைத் தொட்டிருந்தால் பிள்ளை படத்தில் விழுந்திருப்பாள் என்பதை தயாளன் அன்றைக்கு மனைவியிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எந்த நாளும் சொல்லவில்லை.